சூடானதும் நின்றுவிடும் இன்ஜின்

பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரும், பிளக்கில் பொறி வருவதற்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயின்ட்டும் கொண்ட என் பழைய கார், குளிர்ந்த நிலையில் முதல் முயற்சியிலேயே கிளம்பும். இருபது நிமிடம் ஓடி நன்றாகச் சூடேறியதும் இரண்டு மூன்று முறை தடுமாறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால், எந்தக் குறையும் இல்லாததுபோல் மறுபடி ஓடும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. சூட்டில் வரும் கோளாறை வண்டி ஆறிய பிறகு தேடிக்கொண்டிருந்ததுதான் அந்தத் தாமதத்திற்குக் காரணம்.

முதலில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதாகவே நம்பினேன். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இன்ஜின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்ட பம்பு உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தமும் குறைவாக இருப்பதால், அங்கே ஆவி உண்டாவது எளிது. ஆகவே குழாயைச் சூடான பகுதிகளிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் உறையும் சுற்றினேன். பயனில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும் என்பதால், வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பார்த்தேன். காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் ஒரு உபரி ஸ்பார்க் பிளக்கையும் சில கருவிகளையும் காரிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்த முறை நின்ற இடத்திலேயே, ஆறவிடாமல், கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தேன். காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தாரையாகப் பாய்ந்தது; ஆகவே பெட்ரோலுக்குக் குறைவில்லை. வடிகட்டியைத் திரும்ப மாட்டிய பிறகு, உபரி பிளக்கை ஒரு பிளக் ஒயரில் செருகி, அதன் உலோகப் பகுதி இன்ஜினில் படும்படி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்தேன் (பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்க விடுவது ஆபத்து என்பதை மறக்கவே கூடாது). நீல நிறத்தில் பளிச்சென்று வரவேண்டிய பொறி, மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தது.

சந்தேகம், பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பிளக்கிற்காக உயர்த்தித் தரும் காயில் மீது திரும்பியது. ஆனால் அந்தச் சூட்டிலேயே அளந்தபோது முதன்மைச் சுற்றின் மின்தடை 3 ஓம்மைச் சற்றே தாண்டியிருந்தது. பேலஸ்ட் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தனி மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயிலுக்கு இது இயல்பான அளவு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும் என்பதால் அந்தச் சிறு ஏற்றமும் எதிர்பார்த்ததே. ஓம் மீட்டர் காயிலை முழுமையாக விடுவித்துவிடாது என்றாலும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும், பாயின்ட்டும் உள்ளே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியதும் விடை தெரிந்தது: பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முனைகளுக்கிடையே பெரிய தீப்பொறி எழுந்தது.

பாயின்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டத்தை ஏற்றுக்கொண்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வதே, பாயின்ட்டுடன் இணைந்த சிறு மின்தேக்கியான கண்டன்சரின் வேலை. சூட்டில் அதன் உட்காப்பு தளர்ந்தால் ஆற்றல் பாயின்ட்டிலேயே எரிந்து வீணாகிறது. பிளக்கிற்குப் போதிய மின்னழுத்தம் போய்ச் சேர்வதில்லை. கண்டன்சரை அங்கேயே மாற்றினேன். ஆறவிடாமலே இன்ஜின் கிளம்பியது. வீடு வந்ததும், குழிபட்டிருந்த பாயின்ட்டையும் மாற்றி, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தேன். பழைய கண்டன்சரைக் குளிர்ந்த நிலையில் அளந்தபோது 0.2 மைக்ரோஃபாரட் என்று குறையில்லாமல் காட்டியது.