பெரியப்பாவுக்குச் சொன்ன பாலே

காவேரிப்பட்டினத்தைத் தாண்டி, தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊர். ஜெர்மனியில் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் மூன்று வருஷம் கழித்து, இந்த மே மாதம்தான் முதன்முறையாக வீட்டுக்கு வந்தேன். மாங்காய்க் காலம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் ரோடு நெடுக மாங்கூழ் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சம்பளம் எவ்வளவு, குளிர் தாங்குதா, சோறு கிடைக்குதா என்றுதான் கேட்டார்கள். பெரியப்பா மட்டும் ராத்திரி களி சாப்பிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்ததும் வேறொன்று கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்த ஊர்ல கூத்து கீத்து உண்டா?"

அவர் அப்படித்தான் கேட்பார். நாற்பது வருஷம் பெண் வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், துகில் உரிகிற ராத்திரிக்குப் பாலக்கோடு, ஊத்தங்கரை, பென்னாகரம் என்று எங்கிருந்தெல்லாமோ அவரைத் தேடி ஆள் வரும். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவருடைய புஜக்கட்டையும் கிரீடமும் அட்டத்தில் துணி சுற்றி இருக்கின்றன. கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி கனமே இருக்காது.

உண்டு பெரியப்பா என்றேன். ஆனால் நான் அதைப் பார்த்த சாயங்காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முந்தைய மாதங்களையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஸ்டுட்கார்ட் கார்களின் ஊர்; பாஷ் கம்பெனி 1886-இல் அங்கேதான் தொடங்கியது, மெர்சிடிஸும் போர்ஷேயும் அந்த ஊர்தான். ஓசூர்க்காரர்களுக்கு அங்கே வேலை கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆபீசில் இங்கிலீஷ் போதும். வெளியே வந்தால் ஜெர்மன், அதுவும் ஷ்வாபிய வட்டார வழக்கு. வகுப்பில் நான் படித்த ஜெர்மனுக்கும் ரொட்டிக் கடையில் கேட்ட ஜெர்மனுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருந்தது. ஒரு அலுவலகத்துக்கு ஒரே தாளுக்காக மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் இருந்தவர் நீளமாக ஏதோ சொன்னார், நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, தெருவில் சத்தம் கிடையாது. சில ஞாயிறுகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன்.

முதல் குளிர்காலத்துக்குப் பழைய துணிக் கடையில் ஒரு கோட்டு வாங்கினேன். ஆண்கள் போடுகிற சாம்பல் நிறக் கோட்டு. விலை குறைவு, நல்ல கனம். கை விரலைத் தாண்டித் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு டிராமில் நிற்கும்போது, உள்ளே இருப்பது யார் என்று எனக்கே மறந்துபோகிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் ஒரு நாள் என் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. 'கேர்வோகே' என்று எழுதியிருந்தது. யாரோ வீடு மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து எதிர் வீட்டுக் கதவில் மாட்டப் போனேன். மேல்மாடியில் இருக்கும் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்தார். பேசவில்லை. வாளி, துடைப்பம், துணி மூன்றையும் கொண்டுவந்து, மேல்படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டித் துடைத்துக் காட்டினார். அப்புறம் கைப்பிடிக் கம்பி, கீழே வாசல். ஒரு வாரம் உன் முறை, முடிந்ததும் பலகை அடுத்த வீட்டுக்குப் போகும். விஷயம் அவ்வளவுதான். வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புரியாதா? துடைப்பத்தை வாங்கி மீதிப் படிகளை நான் கூட்டினேன். பாட்டி நின்று பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அந்த ஊரில் யாரும் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அவர் கேக் கொண்டுவருவார், நான் வடை கொண்டுபோவேன். அவருக்குப் பாலே என்றால் உயிர். வசனம் இல்லாமல் உடம்பாலேயே ஆடிக் காட்டுகிற மேல்நாட்டு மேடை நடனம் அது. நடனம் அமைக்கிற ஜான் கிராங்கோ 1961-இல் ஸ்டுட்கார்ட் பாலேக் குழுவின் பொறுப்புக்கு வந்த காலத்திலிருந்தே பார்க்கிறாராம். கிராங்கோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அந்த ஊர்க் குழுவை உலகமே பேசுகிற குழுவாக ஆக்கிவிட்டு, 1973-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பும் விமானத்திலேயே இறந்துபோனார். அதைச் சொல்லும்போது பாட்டிக்கு இன்னும் கண் கலங்குகிறது.

குளிர் விடாத ஒரு நாள் சாயங்காலம் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றார். பெரிய கதை பாலே இல்லை. குழுவில் ஆடுகிற பிள்ளைகளே அமைத்த சின்னச் சின்னப் பாலேக்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். 'நோவெர்' ராத்திரி என்று சொல்வார்களாம். நோவெர் ஒரு பிரெஞ்சுக்காரர், 1760 முதல் 1767 வரை ஸ்டுட்கார்ட் அரசவையில் நடன ஆசிரியராக இருந்தவர். ஆடுகிறவர்கள் முகமூடியைக் கழற்றட்டும், முகமும் உடம்பும் கதை சொல்லட்டும் என்று வாதாடியவர். அவர் பிறந்த ஏப்ரல் 29-தான் இன்றைக்கு உலக நடன நாள். அவர் பெயரில் 1958-இல் ரசிகர்கள் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இன்னும் பெயர் எடுக்காத இளைஞர்களுக்கு அந்தச் சங்கம் மேடை கொடுத்தது. பின்னால் பாலே அமைப்பதில் உலகப் பெயர் எடுத்த ஜான் நாய்மையர், யிரி கிலியான், வில்லியம் ஃபோர்சைத் மூவரும் முதல் நடனங்களை அமைத்துப் பார்த்தது அங்கேதான். சங்கம் இப்போது இல்லை. அந்த ராத்திரியை மட்டும் பாலேக் குழு விடாமல் நடத்துகிறது.

சரி, போனோம். ஓபரா மாளிகையை ஒட்டிய நாடக அரங்கு. நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுத்து எண் போட்ட வில்லை வாங்க வேண்டும். என் சாம்பல் கோட்டை வாங்கிய பெண், அதையும் மற்றக் கோட்டுகளைப் போலவே மரியாதையாக மாட்டினாள். உள்ளே ஒரு இருக்கைகூடக் காலி இல்லை. அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். பெயர் தெரியாத பிள்ளைகள் செய்ததைப் பார்க்க இத்தனை பேர் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை என்ன செய்திருக்கிறான் பார்ப்போம் என்று வந்தவர்கள். கோயில் திடலில் பாய் போட்டு இடம் பிடிக்கிற கூட்டத்தின் முகம் அங்கே இருந்தது.

மொத்தம் எட்டு. எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். இரண்டாவதில் புகையும் வெளிச்சமும் ஆளை மறைத்துவிட்டன. இன்னொன்றில் ஆறு பேர் மேளச் சத்தத்துக்குக் குதித்தார்கள். திறமைதான், ஆனால் மனதில் தங்கவில்லை. இடைவேளையில் பாட்டி வெண்ணெய் தடவிய பிரெட்சலைப் பாதி பிய்த்துக் கொடுத்தார்.

ஆறாவதாக ஒரு பெண் வந்தாள். காலில் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஆண்கள் கோட்டு. பழுப்பு நிறம். பின்னால் ஒற்றை செல்லோ வாத்தியம். வலது கையைக் கோட்டின் கைக்குள் விட்டிருந்தாள், இடது கை வெளியே. நடந்து வந்து நின்றாள். அப்புறம் கோட்டுக்குள் இருந்த கை மெதுவாக எழுந்து அவளுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டது. அது அவள் கையே இல்லை. இன்னொருவர் கை. அந்தக் கை அவள் கன்னத்தைத் தடவியது, இடுப்பைப் பிடித்தது, அவளைச் சுழற்றியது. ஒரே உடம்பில் இரண்டு பேர் ஆடினார்கள். பிறகு அதே கை அவளைத் தள்ளிவிட்டது. அவள் விழுந்து, எழுந்து, மறுபடியும் அந்தக் கையையே தேடிப் போனாள். கடைசியில் கோட்டைக் கழற்றித் தரையில் கிடத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளிச்சம் மட்டும் அந்தக் கோட்டின் மேல் ரொம்ப நேரம் நின்றது.

நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் பாட்டியும். எங்களுக்கு இடப்பக்கம் இருந்த பெரியவர் மூக்கைச் சிந்தினார். அந்த நாட்டுக்குப் போய் அத்தனை மாதத்தில், என்னைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் புரிந்தது எனக்கும் அதே நொடியில் புரிந்தது அன்றைக்குத்தான். யாரும் எனக்காக மெதுவாகப் பேசவில்லை, இங்கிலீஷுக்கு மாறவில்லை. நானும் வெறுமனே தலையாட்டவில்லை. முடிவில் அமைத்தவர்கள் சாதாரண சட்டையும் ஷூவுமாக மேடைக்கு வந்து கூச்சத்தோடு வணங்கினார்கள். கோட்டு நடனத்தை அமைத்த பையனுக்கு மிஞ்சிப் போனால் இருபத்துமூன்று வயது இருக்கும். கைதட்டல் ஓயவே இல்லை. என் உள்ளங்கை எரிந்தது.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தெருவிளக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டது. பெரியப்பா குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கட்டியங்காரன் இல்லீன்ற. அப்ப இது இன்ன கதைன்னு யாரு சொல்லுவாங்க?"

"யாரும் சொல்லல பெரியப்பா. பாத்தாலே தெரிஞ்சது."

"பாட்டு?"

"பாட்டும் இல்லீங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "முகமூடியக் கழட்டச் சொன்னாருன்னியே, அவரு தொழில் தெரிஞ்ச ஆளு. நாங்க எவ்வளவு அரிதாரம் பூசினாலும் கண்ணு வெளியத்தானே இருக்கும்? துகில் அன்னைக்கு நான் கண்ணத்தான் நம்புவேன். வசனம் அப்புறம்."

அந்த ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கின்றன. துச்சாதனன் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் மேடையிலேயே கற்பூரம் ஏற்றுவார்கள். கூட்டத்திலிருந்த பெண்கள் எழுந்து நின்று பெரியப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பெரியப்பாவை அல்ல, அம்மனை. சின்ன வயசில் எனக்கு அது பயம். காலேஜ் போன பிறகு வெட்கம். வகுப்பில் யாரிடமும் என் பெரியப்பா கூத்தாடுகிறவர் என்று சொன்னதில்லை. அதை இங்கே எழுதுவது எனக்கு வலிக்கிறது. அன்றைக்கு அந்த அரங்கில் கோட்டுக்குள் இருந்து இன்னொருவர் கை எழுந்தபோது என் மனதில் முதலில் வந்து நின்றது பெரியப்பாதான். ஒரே உடம்பில் இரண்டு பேர் நிற்பதை நான் ஐந்து வயதிலேயே பார்த்துவிட்டேன்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாரதம் நின்றுவிடவில்லை, பதினெட்டு நாள் வைக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வேஷம் கட்டுகிற இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாங்களாகவே யோசித்துப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றை அமைத்துக் காட்டவும், அதைப் பார்க்க ஊர் வந்து உட்காரவும் அவர்களுக்கு ஒரு ராத்திரி வேண்டும் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். கோயில் கூத்துக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மனசு வேறெங்கோ இருந்தது.

"கோட்ட மடிச்சு வச்சாளா, போட்டுட்டுப் போனாளா?"

"மடிக்கல. ஆனா தூக்கியும் போடல. குழந்தையப் படுக்க வைக்கிற மாதிரி வச்சா."

தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சுவரைப் பிடித்து எழுந்து, திண்ணையிலிருந்து வாசலுக்கு இறங்கினார். துண்டை வலது கையில் தோள்வரை சுற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அப்புறம் அந்தக் கை மெதுவாக எழுந்து, காதோரம் நரைத்த முடியை ஒதுக்கிவிட்டது. அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மா, கையில் தண்ணீர்ச் செம்போடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.