உப்புத் தண்ணீர் பம்புக்கு ஒரு ஷாஃப்ட் செய்து வாங்கிய அனுபவம்

கடலூர் பக்கம் கடலோரத்தில் ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கடல் தண்ணீரை இழுத்துத் தொட்டிகளுக்கு அனுப்பும் பம்பு நின்றால் எங்களுக்கு எல்லாமே நின்றுவிடும். அந்தப் பம்பின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அரித்துப்போய், பேரிங் உட்காரும் இடத்தில் ஆட்டம் கொடுத்துவிட்டது. அந்த மாடல் இப்போது வருவதில்லை, ஸ்பேரும் கிடைக்கவில்லை. செய்துதான் வாங்க வேண்டும் என்று ஆனது. இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கேட்டவர்கள் பலரும் சொன்ன யோசனை, தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்துக் கடைந்துகொள்ளலாம் என்பது. வயல் மோட்டாருக்கு அது ஓடலாம். கடல் தண்ணீரில் வெல்டிங் சூடு பட்ட ஓரம்தான் முதலில் குழி விழும், ஷாஃப்டும் வளையும். கன்மெட்டல், பித்தளை மாதிரி செம்பு கலந்த உலோகம் என்ற பேச்சே கிடையாது. செம்பு கரைந்து தண்ணீரில் கலந்தால் இறால் குஞ்சு தாங்காது. அதனால் எஸ்எஸ் 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்று முடிவு செய்தோம். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான 304-ம் 316-ம் பார்வைக்கு ஒன்றுதான், காந்தம் வைத்தும் பிரிக்க முடியாது. 316-ல் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பை எதிர்த்து நிற்கிறது. ராடு வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) ராடில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி பழைய ஷாஃப்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"தேஞ்ச சாம்பிள அளந்து செஞ்சா, தேய்மானத்தையும் சேத்துதான் செஞ்சி குடுப்பேன் தம்பி. பேரிங், இம்பெல்லர், கப்ளிங் மூணையும் எடுத்துக்கினு வா."

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஷாஃப்டின் உண்மையான அளவு அதன்மேல் ஏறும் பேரிங், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் ஆகியவற்றில்தான் இருக்கிறது. எங்களுடையது 6205 பேரிங், உள்விட்டம் 25 மி.மீ. அது ஏறும் இடத்துக்கு டிராயிங்கில் கே6 என்ற பொருத்த அளவைப் போட்டோம். அதாவது 25.002 முதல் 25.015 மி.மீ. வரை, மொத்தமே 13 மைக்ரான் (0.013 மி.மீ.) இடைவெளி. விட்டம் அதற்குக் குறைந்தால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்மேல் வழுக்கிச் சுற்றித் தேய்த்துவிடும். கூடினால் பேரிங் உள்ளே இறுகிச் சூடாகும். ஷாஃப்டின் நீளத்துக்கோ கூட்டல் கழித்தல் 0.2 மி.மீ. தாராளமாகப் போதும். எல்லா அளவுக்கும் மைக்ரான் கேட்பது பணத்தை வீணாக்குவது.

ஷாஃப்டின் விட்டம் மாறிப் படி இறங்கும் மூலையையும் கவனித்தோம். அதைக் கூராக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வளைவு பெரிதானால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது. அதனால் 0.6 மி.மீ. ஆரம் வைத்தோம்.

வேலை நடக்கும்போது நின்று பார்க்க விட்டார்கள். இரண்டு முனையிலும் செண்டர் (மெஷினில் தாங்கிப் பிடிக்கும் சிறு குழி) போட்டு, முதலில் ரஃப்பாகக் கடைந்தார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் டூல் வெட்டாமல் உரசினால் மேல்பரப்பு இறுகிப்போய், அடுத்த வெட்டில் டூல்தான் போகும். விட்டத்தில் 0.3 மி.மீ. மிச்சம் வைத்துவிட்டு, கப்ளிங் ஏறும் 24 மி.மீ. இடத்தில் 8 மி.மீ. அகலத்தில் கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டினார்கள். டிராயிங்கில் ஆழம் 4 மி.மீ., வெட்டியது 4.15. கிரைண்டிங்கில் பக்கத்துக்கு 0.15 போன பிறகு சரியாக 4 நிற்க வேண்டுமே! கிரைண்டிங்குக்கு முன்பே கீவே வெட்டினால், அதில் வரும் பிசிறும் கோணலும் கிரைண்டிங்கில் போய்விடும்.

கிரைண்டிங்தான் பொறுமை கேட்கிற இடம். கூலன்ட் ஓடினாலும் ஜாப் (செய்யும் உருப்படி) லேசாகச் சூடாகத்தான் இருக்கும். 15 டிகிரி கூடியிருந்தால் இந்த 25 மி.மீ. விட்டம் 6 மைக்ரான் உப்பிக் காட்டும். அந்த 13 மைக்ரான் டாலரன்ஸில் கிட்டத்தட்ட பாதி அதிலேயே போய்விடும். மேஸ்திரி ஜாப்பைக் கழற்றாமல், செண்டரிலேயே ஆறவிட்டார். மைக்ரோமீட்டரை 25 மி.மீ. ஸ்லிப் கேஜில் (அளவு துல்லியமான கட்டை) சரிபார்த்துவிட்டு அளந்தார். ஒரு இடம் 25.009, இன்னொன்று 25.011. இரண்டு பேரிங் இடத்தையும் ஒரே பிடிப்பில் கிரைண்டிங் செய்ததால் மையம் விலகவில்லை. வி பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள கட்டை) வைத்துச் சுற்றிப் பார்த்தோம். இம்பெல்லர் இடத்தில் டயல் கேஜின் முள் ஒன்றரைக் கோடு அசைந்தது, அதாவது 0.015 மி.மீ. நாங்கள் கேட்டது 0.02-க்குள். மனசு நிறைந்துவிட்டது.

ஒரு உருப்படிக்குக் கேட்கும் கூலியில் பெரும்பங்கு மெஷினில் செட்டிங் போடுவதற்குத்தான். அதனால் அதே செட்டிங்கில் ஒரு ஸ்பேரும் செய்து வாங்கினோம். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். 90 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.

316 என்பதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் அடியில் தேங்கும் உப்புத் தண்ணீர் அதையும் குழியாக்கும். பம்பை நிறுத்தினால் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுகிறோம். முனையில் இருக்கும் செண்டர் ஓட்டைகளை அழகுக்காக அறுத்துவிடச் சொல்லாதீர்கள். பின்னால் ஷாஃப்டைச் சோதிக்கவோ மறுபடி கிரைண்டிங் செய்யவோ அந்த ஓட்டைகள்தான் ஆதாரம்.