பூங்கா மூலை

மனை போடுகிறவர்கள் நிலம் அளக்கக் கூப்பிடுவது பெரும்பாலும் கோடையில்தான். வண்டி வயலுக்குள் இறங்கும், கருவேலத்தை ஜேசிபி வைத்துத் தள்ளலாம், மழை வந்து வேலை கெடாது. காரைக்குடிப் பக்கத்தில் அந்த 30 ஏக்கரை அளக்க நான் போனதும் ஒரு மே மாதம். பாளம் பாளமாக வெடித்த மண். ஒரு பக்கம் கண்மாய்க் கரை, எதிர்ப்பக்கம் தார் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி.

பேப்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது. பட்டா, சிட்டா, புலப்படம், 'அ' பதிவேடு எதிலும் நீர்நிலை என்ற சொல்லே இல்லை. கண்மாய்க்குத் தனி சர்வே எண், வரத்துக்காலுக்குத் தனி சர்வே எண். இரண்டையும் நாங்கள் தொடவில்லை.

ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்த பையன்தான் முதலில் பார்த்தான். "அண்ணே, மரத்து மேல வைக்கோல் எப்படிண்ணே ஏறுச்சு?" பள்ளமான மூலையில் நின்ற கருவேல மரங்களில், என் இடுப்புக்கு மேலே, காய்ந்த வைக்கோலும் கோரையும் பாலிதீன் பைகளும் சிக்கிக் கிடந்தன. பக்கத்து மரத்திலும் அதே மட்டம். அளந்து பார்த்தால் தரையிலிருந்து 1.10 மீட்டர். ஃபீல்டு புக்கில் பென்சிலால் குறித்துக்கொண்டேன், வரைபடத்தில் ஏற்றவில்லை. கல்லுக்கும் கிணற்றுக்கும் மின்கம்பத்துக்கும் குறியீடு உண்டு, வைக்கோலுக்கு ஏது?

வைக்கோல் மரத்தில் ஏறிய கதை செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். மணிமுத்தாறும் விருசுழியும் வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய் பெருகும். பெருகியது, உபரித் தண்ணீர் வழியக் கரையில் கட்டிய கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். இரண்டு கண்மாய்க்கும் நடுவே கரை கட்டிய வாய்க்கால் எல்லா இடத்திலும் இருக்காது. தண்ணீர் வயல்மேலேயே விரிந்து, மூன்று நான்கு நாள் கிடந்து, வடியும். நான் அளந்த இடம் அந்த நடுப்பகுதி. ஆவணத்தில் அது நஞ்சை, அவ்வளவுதான். 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரியின் எல்லையைக் காக்கும். எல்லையைத் தாண்டி வெளியே வந்த தண்ணீர் நாலு நாள் தங்கிப் போகிற பட்டா நிலத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆக்கிரமிப்பு என்றால் சண்டை போடுவது சுலபம். இங்கே ஒரு சென்ட் ஆக்கிரமிப்பும் கிடையாது. அதுதான் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு என்னையும் வரைபடச் சுருளோடு அனுப்பினார்கள். ரோடு அகலம், கூடுதல் விலை என்று ஏதாவது கேட்பார்கள் என நினைத்துப் போனேன். காலனியிலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்தார். "நீங்க மண்ணடிச்சு ஒசத்திப்புட்டா தண்ணி எங்க சார் போகும்?"

"குழாய் போடுறோம்மா, 900 எம்எம், ரெண்டு" என்றார் எங்கள் பக்கத்து ஆள்.

ஓரமாகத் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த, வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் சிரித்தார். "தம்பி, தண்ணி வந்தா இந்த ரோட்டோரம் பூரா நிக்கும். அத ரெண்டு குழாய்க்குள்ள ஒழுங்கா போகச் சொல்லி நீங்களே ஒரு மனு எழுதிக் குடுத்துருங்க."

எதிர்த்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்காகவே எதிர்த்தார்கள் என்று சொன்னால் பொய். தன் வயலுக்கு விலை படியாத கோபத்தில் வந்தவரும் அதில் உண்டு. வந்தால் கொத்தனார் வேலையாவது கிடைக்கும் என்று ஆதரித்த பையன்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாங்கப்போகிறவர்கள் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களில் பலர் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு, மே மாதம் எடுத்த போட்டோவைப் பார்த்து முன்பணம் போடுகிறவர்கள்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "செட்டியார் வீடெல்லாம் மேடை போட்டு ஒசரமாத்தானே கட்டியிருக்கு?" உண்மைதான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்டுபோன நினைவில்தான் உயரமாகக் கட்டுகிறோம் என்று நகரத்தார் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்த வீடுகளில் ஓட்டுத் தண்ணீர் வளவு என்கிற நடு முற்றத்துக்குள் விழுந்து, வடிகாலில் இறங்கி, தெருவோடு ஓடி ஊருணிக்குப் போகும். வீட்டை உயர்த்தியவர்கள் ஊருணியையும் வெட்டி வைத்தார்கள். இதை அங்கே நான் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பது ஞாபகத்தில் இருந்தது.

ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டேன். 30 ஏக்கரில் சராசரி இரண்டடி நின்றாலே 26 லட்சம் கன அடி. மண் கொட்டி உயர்த்தினால் அத்தனையும் வேறு இடம் தேடும். கலுங்குக்குக் கீழே தண்ணீர் 400 அடி அகலத்துக்கு விரிகிறது, இரண்டடி ஆழம் என்றால் 800 சதுர அடி வழி. இரண்டு குழாயும் சேர்ந்து 14 சதுர அடிகூட வராது. பள்ளிக்கூடப் பையனும் போடுகிற கணக்கு. மே மாதமே போட்டிருக்கலாம்.

இன்னொன்று எனக்கு நெடுநாள் உறுத்தல். வெள்ளம் தேங்குமா என்று பார்த்து நீர்வளத் துறை தரும் தடையில்லாச் சான்றில் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும்: மனையை இன்ன மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். அதனால் மனை வாங்குகிறவர் வீடு தப்பிக்கும். தண்ணீர் ரோட்டைத் தாண்டிக் காலனிக்குப் போகும். காலனி யாருடைய விண்ணப்பத்திலும் இல்லை.

வரைபடத்தை முதலில் போட்டதும் நான்தான். சாலைகள் போக மிச்சத்தில் 10 சதம் பொது இடமாக ஒதுக்க வேண்டும். எங்கள் தொழிலில் கை தானாகப் பள்ளமான மூலைக்குப் போய்விடும். விற்காத மனையைப் பூங்காவாகக் காட்டிவிடலாமே. வைக்கோல் தொங்கிய மரங்கள் நின்ற இடத்தில் பச்சை நிறம் அடித்து 'சிறுவர் பூங்கா' என்று எழுதியிருந்தேன்.

சான்று தர வேண்டிய நீர்வளத் துறைப் பொறியாளர் தலத்தணிக்கைக்கு வந்தபோது, "ஃப்ளட் லெவல் ஏதும் தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டார். ஃபீல்டு புக்கைத் திறந்து 1.10 என்றேன். முதலாளியின் ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மிச்சச் சம்பளம் இன்னும் வரவில்லை, வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கோப்பு ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. கல் நட்டது மேட்டுப் பகுதியில் மட்டும்.

போன கார்த்திகையில் அந்த வழியாகப் போனபோது பெரியவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "அந்த மட்டத்த பாலத்துச் செவுத்துல குறிச்சுத் தாங்க தம்பி. யாராச்சும் கேட்டா காட்டலாம்." லெவல் கருவி வண்டியிலேயே இருந்தது. சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது சமீபத்துத் தண்ணி. எழுபத்தேழு புயலுக்கு இன்னும் ஒரு சாண் மேல."

"அதுக்கு அடையாளம் ஏதும் இருக்காய்யா?"

"நான் இருக்கேன்ல" என்றார்.

ஒரு சாண் மேலே, பென்சிலால் இன்னொரு கோடு போட்டேன்.