உறையூர் வீட்டுக்கு அலாரம் வைத்தபோது

போன வருஷம் சித்திரையில் எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கொல்லைக் கதவை நெம்பி, பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா போனில் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைக்கும் முன்னால் மட்டும், "நம்ம கொல்லைக் கதவும் அதே மாதிரிதான் கண்ணு" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா போன பிறகு அம்மா உறையூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் கோவையில். நடுவில் 200 கிலோமீட்டருக்கு மேல்.

வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், கம்பி போட்ட முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீளமாகப் போகும். சுண்ணாம்புக் காரைச் சுவர். காடி வெட்டி ஒயர் இழுத்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதனால்தான் ஒயர் இல்லாத அலாரம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு சென்சாரும் தனக்குள் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேனல் என்கிற தலைமைப் பெட்டிக்குச் சேதி அனுப்பும். பேனல் சைரனை அலறவிட்டு, தன்னிடம் உள்ள சிம் வழியாக நமக்குப் போன் செய்யும். கரண்ட் போனால் பேனலுக்குள் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும்.

பெட்டியில் ஒரு பேனல், ஒரு சைரன், இரண்டு ரிமோட், ஒரு மோஷன் சென்சார், இரண்டு கதவு சென்சார் இருந்தன. மாடிப்படிக் கதவுக்கும் கிரில் கேட்டுக்கும் கூடுதலாக இரண்டு வாங்கினேன். விற்றவர், "சிம்மைப் போட்டு சுவிட்சைத் தட்டுங்க மேடம், எல்லாம் செட் பண்ணியே வருது" என்றார். செட் செய்து முடிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

முதல் தடை சிம்மிலேயே வந்தது. வீட்டில் சும்மா கிடந்த ஒன்றைப் போட்டேன். பேனலின் சிக்னல் விளக்கு நிலைக்காமல் மின்னிக்கொண்டே இருந்தது. விலை குறைந்த பேனல்களில் இருப்பது பெரும்பாலும் 2ஜி மாடம். நான் போட்டதோ 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம். 2ஜி இன்னும் ஓடுகிற நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி, முதலில் பட்டன் போனில் போட்டு, சிம்மின் PIN நம்பர் கேட்கும் பூட்டை எடுத்துவிட்டு, ஒரு கால், ஒரு மெசேஜ் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனலில் செருகினேன். இன்று வாங்குவதாக இருந்தால் கூடக் கொஞ்சம் கொடுத்து 4ஜி பேனலையே வாங்குவேன்.

அடுத்தது சென்சார்களைப் பேனலுக்கு அறிமுகம் செய்வது. என் பேனலில், கீபேடில் புரோகிராமிங் பாஸ்வேர்டை அடித்து ஸோன் நம்பரை, அதாவது அந்தச் சென்சாருக்கு ஒதுக்கும் இடத்தின் எண்ணைக் கொடுத்தால் அது காத்திருக்கும். அந்த நேரத்தில் உரிய சென்சாரை ஒருமுறை தூண்ட வேண்டும். கதவு சென்சார் என்றால் காந்தத்தை விலக்கிச் சேர்க்க வேண்டும். 'பீப்' என்றால் பதிவாகிவிட்டது. வாசல் கதவை முதல் ஸோனில் பதிவு செய்தேன், பீப் கேட்டது, சரி என்று அடுத்ததற்குப் போனேன். சோதித்துப் பார்த்தால் வாசல் கதவைத் திறந்தாலும் பேனல் வாயே திறக்கவில்லை. ஆனால் நான் கூடத்தில் நடந்தால் 'முதல் ஸோன்' என்று மெசேஜ் வந்தது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. நான் காந்தத்தை விலக்கிய நேரத்தில், மேஜைமேல் கிடந்த மோஷன் சென்சார் என் கையசைவைக் கண்டு முந்திக்கொண்டு தன் எண்ணை அனுப்பியிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எல்லாச் சென்சார்களின் பேட்டரியையும் கழற்றி வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பதிவு செய்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஸோன் நம்பரையும் இடத்தையும் ஸ்கெட்ச் பேனாவால் சென்சாரின் முதுகிலேயே எழுதினேன்.

கதவு சென்சார் இரண்டு துண்டு. ஒன்றில் காந்தம் விலகினால் தெரிந்துகொள்ளும் ரீட் சுவிட்ச், மற்றதில் காந்தம். இரண்டும் ஒரு விரல்கடைக்குள் இருக்க வேண்டும். புது வீடுகளில் ஒன்றை நிலையிலும் மற்றதைக் கதவிலும் ஒட்டினால் முடிந்தது. எங்கள் வாசலுக்கு இரட்டைக் கதவு. வலது கதவில் மட்டும் காந்தம் இருந்தால் இடது கதவைத் திறந்து உள்ளே வரலாம். வயரிங் வேலைக்கு வந்த தம்பிதான் வழி சொன்னார்: "நிலையை விடுங்கக்கா. ஒரு கதவுல சென்சார், இன்னொண்ணுல காந்தம். எது திறந்தாலும் பிரிஞ்சிரும்." கிரில் கேட்டில் வேறு சிக்கல். இரும்பின்மேல் நேராக ஒட்டினால் காந்தத்தின் வீச்சை இரும்பே இழுத்துக்கொள்கிறது. சாத்தியிருக்கும்போதே திறந்திருப்பதாகக் காட்டியது. அடியில் அரை அங்குல மரக்கட்டை வைத்து ஒட்டியதும் சரியாயிற்று.

என்னை அதிகம் படுத்தியது மோஷன் சென்சார். அது உருவத்தைப் பார்ப்பதில்லை, உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் வரிவரியான வெள்ளை லென்ஸ், அறையை விசிறி மடிப்புகளைப்போலப் பிரித்து வைத்திருக்கிறது. சூடான ஒன்று ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குத் தாண்டும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். ஆகவே குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைப் பிடிக்கத் தாமதமாகும். நான் முதலில் ரேழியின் கடைசியில் வாசலைப் பார்த்து மாட்டியிருந்தேன். வருகிறவன் நேராக அதை நோக்கித்தான் நடந்து வருவான்! கழற்றிக் கூடத்தின் பக்கச் சுவரில், தலைக்கு மேல் ஏழடி உயரத்தில் மாட்டினேன். ரேழியிலிருந்து உள்ளே போகிற எவரும் இப்போது அதற்குக் குறுக்கேதான் போயாக வேண்டும். முற்றம் அதன் பார்வையில் படாதபடி திருப்பியும் வைத்தேன். முற்றத்துக் கம்பி வழியாக அணில் இறங்கும், பூனை இறங்கும்; வெயில் ஏறிய தரையின் அனல்காற்றே அதைக் கிளப்பிவிடும். அப்படியும் பூனை கூடத்துக்கு வந்துபோனது. லென்ஸின் கீழ் வரிகளை உட்புறமாக இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்தேன். தரையோரம் ஓடுவது அதன் கண்ணில் படுவது வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்று: ஒருமுறை சேதி அனுப்பியதும் பேட்டரியை மிச்சம் பிடிக்க அது சில நிமிடம் உறங்கிவிடும். இது தெரியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் பழுது என்றே முடிவு கட்டினேன். உள்ளே ஜம்பர் என்று இடம் மாற்றிச் செருகும் ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது. சோதனை நிலைக்கு மாற்றினால் உறக்கம் சில விநாடியாகக் குறையும். சோதித்து முடித்ததும் பழையபடி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அப்போது அக்னி நட்சத்திரம். திருச்சி வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் ராத்திரியும் கொதித்தது. கோவையில் என் வீட்டில் வைத்துப் பார்த்தபோது எட்டு மீட்டரில் என்னைக் கண்டுகொண்ட அதே சென்சார், உறையூர்க் கூடத்தில் இரவு ஒன்பது மணிக்கு நான் இரண்டு மீட்டர் கிட்டே வரும்வரை அசையவில்லை. காரணம் எளிது. உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. சுவரும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. நம் ஊர்க் கோடையில் மோஷன் சென்சாரை மட்டும் நம்பி ஒரு வீட்டை விடக் கூடாது என்பதை அன்றுதான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். கதவு சென்சார்களே முதல் காவல், இது துணைதான் என்று வைத்துக்கொண்டேன்.

பேனலை அம்மாவின் அறையில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டியிருந்தேன். கொல்லைக் கதவின் சேதி மூன்று முறைக்கு ஒருமுறைதான் வந்தது. பீரோ நடுவில் நின்று மறைத்திருக்கிறது. கூடத்தின் மரப் பலகைக்கு மாற்றி ஆன்டெனாவை நேராக நிமிர்த்தியதும் பத்துக்குப் பத்தும் வந்தது.

எல்லாம் தயார் என்று அன்று இரவு பத்து மணிக்கு முழு ஆர்மில், அதாவது எல்லாச் சென்சாரும் காவலில் இருக்கும் நிலையில், போட்டுவிட்டுப் படுத்தேன். விடிகாலை நாலரைக்கு அம்மா வழக்கம்போல் எழுந்து கூடத்துக்கு வந்திருக்கிறாள். சைரன் அலறியது. நான் ஓடி வந்து பார்த்தபோது அம்மா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அணைத்த பிறகும் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த இரண்டு நாள் விடிகாலையில் அவள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. "நீ எழுந்து அதை அணைச்சிட்டுச் சொல்லு, அப்புறம் வரேன்" என்றாள். வாசலில் கோலம் விழ ஆறு மணி ஆயிற்று. பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய் வந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வீட்டைக் காக்க நான் வாங்கி வந்த பொருள் அம்மாவை அவள் வீட்டுக்குள்ளேயே அடைத்துவிட்டது. எனக்கு நெஞ்சே கனத்துப்போனது.

மேனுவலை மூடி வைத்துவிட்டு ஒரு நோட்டுடன் அம்மாவிடம் உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு எழுகிறாய், முதலில் எந்தக் கதவு, பால்காரர் எப்போது, மத்தியானம் எங்கே படுப்பாய், வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்வர எத்தனை நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பிறகு அந்த நோட்டைப் பார்த்துத்தான் புரோகிராம் செய்தேன். இரவு பத்து மணிக்கு 'ஹோம் ஆர்ம்' தானாக ஏறும். அதில் கதவுகள் மட்டும் காவலில் இருக்கும், கூடத்துச் சென்சார் வேலை செய்யாது. அம்மா வீட்டுக்குள் எங்கும் நடக்கலாம். விடிகாலை 4:15-க்குத் தானாக இறங்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ரிமோட்டில் முழு ஆர்ம். கதவைப் பூட்டி இறங்க 60 விநாடி. திரும்பி வந்து அணைக்க முதலில் 20 விநாடி கொடுத்திருந்தேன். அர்ச்சனைக் கூடையை வைத்து, இறுகிய பூட்டைத் திறந்து, சுருக்குப்பையிலிருந்து ரிமோட்டை எடுக்க அம்மாவுக்கு எவ்வளவு ஆகிறது என்று வாசலில் நின்று மூன்று முறை எண்ணினேன். 40 விநாடி வைத்தேன். கூடத்துச் சென்சாருக்கும் அதே தாமதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசல் பொறுத்திருக்கும்போதே கூடம் கத்திவிடும்.

ரிமோட்டில் நாலு பொத்தானும் ஒரே சாம்பல் நிறம். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்குத் தெரியாது. அணைக்கும் பொத்தானில் உப்புத்தாள் துண்டு ஒன்றை ஒட்டினேன், இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும். அவசரப் பொத்தான் 24 மணி நேர ஸோன்; அலாரம் அணைந்திருந்தாலும் வேலை செய்யும். இரண்டாவது ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறையில் முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டேன். விழுந்து கிடந்தாலும் கை எட்ட வேண்டும்.

போன் நம்பர்களில் என் பெயரை முதலில் போடுவதுதான் எனக்கு இயல்பாகப் பட்டது. யோசித்துப் பார்த்து மாற்றினேன். கோவையிலிருந்து நான் என்ன செய்ய முடியும்? முதல் நம்பர் பக்கத்து வீட்டு மாமி, இரண்டாவது எதிர்வீட்டு அண்ணன், மூன்றாவதுதான் நான். பேனல் கூப்பிட்டால் முதலில் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் 112-க்கு அழைக்க வேண்டும், தனியாக உள்ளே போகக் கூடாது என்று இருவரிடமும் நேரில் சொன்னேன். பெட்டியோடு வந்த இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றினேன். புரோகிராமிங்குக்கு ஒன்று, அன்றாட உபயோகத்துக்கு ஒன்று. இரண்டுமே மேனுவலில் அச்சாகியிருக்கின்றன, யாரும் படிக்கலாம்.

இந்த வகைச் சென்சார்கள் ஒருவழிப் பேச்சுதான். அனுப்பும், பதில் கேட்காது. ஒன்று செத்துப்போனால் பேனலுக்குத் தெரியாது. மாறாத ஒரே எண்ணை அனுப்புவதால், கருவி வைத்திருப்பவன் ரிமோட்டின் சேதியைப் பிடித்துத் திரும்ப அனுப்பவும் முடியும். அதனால் கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இரும்புப் பட்டையும் போட்டேன். மாதம் முதல் தேதி சிம்முக்கு ரீசார்ஜ், அன்றைக்கே ஒவ்வொரு கதவையும் திறந்து சோதனை. அம்மா திறப்பாள், நான் போனில் இருப்பேன்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின இரவு அம்மாவே கூப்பிட்டாள். "நாளைலேர்ந்து மூணே முக்காலுக்கு எழுந்துடுவேன் கண்ணு, பெரிய கோலம். அதை மூணரைக்கு மாத்திடு." மெசேஜ் கட்டளை அனுப்பி மாற்றினேன்.

போன மாதம் மறுபடியும் ஒரு போன். கொல்லைக் கதவு சென்சாரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறதாம். பேட்டரி தீர்ந்ததற்கு அதுதான் அடையாளம். 12 வோல்ட் 23ஏ என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும், பழசைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கிட்டேன். போட்டாச்சு. நீ லைன்ல இரு, கதவைத் திறந்து பாக்கறேன்" என்றாள்.