அடி இலை மஞ்சளும் மூன்று நாள் சண்டையும்

மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் நாலு வருஷமாக இருக்கிறேன். போன ஆடியில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி தன் கத்திரிச் செடியைப் படம் எடுத்துப் போட்டாள். அடி இலையெல்லாம் மஞ்சள். கொழுந்து மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு, அடி இலை என்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. "லிட்டருக்கு 5 கிராம் யூரியா கரைச்சு ஒரு தடவை தெளிச்சுப் பாரும்மா" என்று எழுதினேன்.

இரண்டு நிமிஷத்தில் ஒரு சார் வந்தார். "விஷம் வைக்கச் சொல்லித் தர்றீங்க. பேங்க்ல நோட்டு எண்ணினவங்களுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்?"

நானே 20 லிட்டர் வாளியில் ஒரு கிலோ சாணம், கோமியம், 200 கிராம் வெல்லம், அதே அளவு பயறு மாவு போட்டு ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரம் கரைக்கிறவள்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மூத்திரம் கலக்குறவரெல்லாம் விஞ்ஞானி ஆயிட்டாங்க" என்று தட்டிவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது.

அனுப்பியதை 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம் அல்லவா? பன்னிரண்டாவது நிமிஷத்தில் புத்தி வந்து அந்த வரியை எடுத்தேன். அதற்குள் அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார். மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். அவருக்கு நாலு பேர், எனக்கு மூணு பேர் என்று கட்சி சேர்ந்தது.

என் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. போனில் வருவதையெல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன். மூன்றாம் நாள், சாருக்காக எழுதி வைத்திருந்த நீளமான பதிலை மாமியாரிடம் வாசித்தேன். பாதியிலேயே என் குரல் தானாக இறங்கிவிட்டது. எழுதும்போது எவ்வளவு நன்றாக இருந்தது! அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு செடி என்னாச்சுடி?" என்றார்.

அதை யாருமே கேட்கவில்லை. தனியாகச் செய்தி அனுப்பினேன். "நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டைல பயந்துட்டேன்க்கா. ஒண்ணுமே பண்ணலை" என்றாள். தொட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்து, வேர் நீரில் ஊறிக் கிடந்தது. கம்பியால் குத்தி, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தாள். பத்து நாளில் புதுத் துளிர். யூரியாவும் வேண்டியிருக்கவில்லை, ஜீவாமிர்தமும் வேண்டியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது எகிறினால் ஒரே ஒரு பதில்தான். அதுவும் எகிறியவருக்கு இல்லை, பேசாமல் படித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கு. அனுப்பியதும் குழுவை எட்டு மணி நேரம் மியூட்டில் போட்டுவிடுவேன். மாமியாரிடம் வாசிக்கக் கூசுகிற எதையும் அனுப்புவதில்லை.

துளிர் படத்தைக் குழுவில் போட்டு, "நான் சொன்னதும் தப்புதான்" என்று எழுதினேன். உடனே சார் வந்தார்: "யூரியா வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்."

விரல் தட்ட ஆரம்பித்திருந்தது. உள்ளேயிருந்து மாமியார், "பால் வெச்சிருக்கியா?" என்றார்.