பச்சையம்மா திடீரென்று சாகவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தபோது பச்சையம்மா கூடையின் அடியில் மல்லாந்து கிடந்தாள். முன்கால்கள் இரண்டும் வழக்கம்போலக் கும்பிட்டபடியே இருந்ததால் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. ஈர்க்குச்சியால் தொட்டபோதுதான் தெரிந்தது.

பச்சையம்மா ஒரு கும்பிடுபூச்சி. தயிர்க்கடைப் பூச்சி என்றும் சொல்வார்கள். பச்சையம்மா என்பது அண்ணன் மகள் வைத்த பெயர். மார்கழி மாதம் மொட்டைமாடிக் கறிவேப்பிலைச் செடியில், காய்ந்துபோன சோப்பு நுரை மாதிரி ஒரு கட்டி ஒட்டியிருந்தது. அது முட்டைக்கூடு என்று பிறகுதான் தெரியும். ஒருநாள் காலை அதிலிருந்து எறும்பு அளவுக் குஞ்சுகள் நூல் கட்டி இறங்கின. எண்ணி முடியவில்லை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் செடியிலேயே விட்டுவிட்டேன்.

அந்த ஐந்தில் நான்கு வளரும்போதே போய்விட்டன. நான்குக்கும் காரணம் தெரியும், எல்லாம் என் கைவேலை. ஒன்றை இனிப்புக்கடை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். நான்கு மணி வெயில் டப்பாவைத் தோசைக்கல் ஆக்கிவிட்டது. இன்னொன்றை எறும்பு தின்றது. கூடையின் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

மற்ற இரண்டும் தோல் உரிக்கும்போது செத்தவை. கும்பிடுபூச்சி வளர்க்கிறவர்களின் பெரிய கண்டம் இதுதான். தோல் உரிக்கப்போகிற பூச்சி ஓரிரு நாள் முன்பே தீனியைத் தொடாது. அப்புறம் மேலே போய்த் தலைகீழாகத் தொங்கும். முதுகில் தோல் வெடிக்கும், பழைய சட்டையிலிருந்து மெதுவாக வழுக்கிக் கீழே இறங்கும், ஈரமான புதுக் கால்கள் நூல் மாதிரி ஆடும். இறங்குவதற்குக் கீழே இடம் வேண்டும். பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. என் டப்பாவில் அவ்வளவு இல்லை. பாதியில் தரையில் இடித்து வளைந்து, அப்படியே காய்ந்துவிட்டது. காற்றில் ஈரம் போதாமல் இருந்தாலும் கால் பழைய தோலிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் தினமும் ஒருமுறை தண்ணீர் தெளிப்பது. அடுத்ததன் டப்பாவில், பசிக்கும்போது தின்னட்டும் என்று ஒரு சில்வண்டை விட்டுவைத்தேன். தோல் உரித்து மெத்தென்று கிடந்த பூச்சியைச் சில்வண்டு கடித்துவிட்டது. யார் யாருக்குத் தீனி என்பது அன்றைக்கு மாறிவிட்டது.

பச்சையம்மாவுக்கு இதெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொண்டேன். அழுக்குத்துணி போடும் வலைக்கூடை ஒன்றை வாங்கிக் கவிழ்த்து வீடு ஆக்கினேன். கடைசித் தோலை உரித்து, சிறகு முளைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் வயதான சாவு என்று சொல்ல வழியில்லை, பெண்பூச்சி சிறகு வந்தபின் சில மாதங்களாவது இருக்கும். கறுப்பாக வாந்தி இல்லை, நாற்றம் இல்லை, எனவே வயிற்றுத் தொற்று என்றும் தோன்றவில்லை. காட்டில் பிடித்த பூச்சி என்றால் வயிற்றுக்குள் குதிரைமுடிப் புழு இருக்கலாம், சாகிற நேரத்தில் சாண் நீளத்துக்கு வெளியே வரும். இவள் முட்டையிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவள்.

திங்கள் இரவை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் நடுக்கால் ஒன்று தானாக வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வலையைப் பிடிக்க எட்டினாள், குறி தவறியது. தொப்பென்று விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். நான் என்ன செய்தேன்? "தோல் உரிக்கப்போகிறாள், தொந்தரவு செய்யக் கூடாது" என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். சிறகு வந்தபிறகு ஏது தோல் உரிப்பு? அதற்குமேல் உரிக்கவே உரிக்காது. இது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கால் நடுங்கி, பிடி தவறி விழுவது நரம்பில் ஏறிய விஷத்தின் அடையாளம். சந்தேகம் இரண்டு. சனிக்கிழமை குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு கரப்பானைப் பிடித்துக் கொடுத்தேன். ஒரே எட்டில் பிடிபட்டது. கரப்பான் அப்படிப் பிடிபடுமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கீழ்வீட்டில் மருந்து அடித்திருந்தார்களாம். ஆனால் ஞாயிறு பகல் முழுக்க அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஒரு ஈயைப் பிடித்துத் தின்று, முன்கால் முள் ஒவ்வொன்றையும் வாயால் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தது. கொசு பிடுங்குகிறது என்று இரண்டு ராத்திரியும் ஹாலில் கொசுவத்திச் சுருள் ஏற்றினாள். கூடை இருந்தது ஹாலில்தான். சுருளிலும் சுவரில் செருகும் திரவ மிஷினிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் சரக்கின் செயற்கை வடிவம். நம் உடம்பு அதைச் சீக்கிரம் உடைத்துத் தள்ளிவிடும், பூச்சியின் நரம்போ ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்து கடைசியில் விட்டுவிடும். கொசுவுக்கு வைத்ததிலிருந்து கூடைக்குள் இருக்கும் கும்பிடுபூச்சி ஒதுங்கிப் போக முடியாது. அது மூச்சு விடுவது உடம்பின் இருபக்கமும் வரிசையாக உள்ள துளைகள் வழியாகத்தான். இரண்டு இரவு, மூடிய ஜன்னல், பத்தடி தூரத்தில் புகை. நான் சுருளைத்தான் சந்தேகப்படுகிறேன்.

பச்சையம்மாவைக் கறிவேப்பிலைத் தொட்டியிலேயே புதைத்தேன். கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன். மாடியில் விட்ட குஞ்சுகளில் ஒன்றாவது பிழைத்திருக்கிறதா என்று இலை இலையாகப் புரட்டினேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

நேற்று அத்தை ஊரிலிருந்து போன் செய்தாள். எல்லாம் பேசிவிட்டு வைக்கப்போகும்போது, "ஏண்டா, அந்தக் கும்பிடுற புள்ள நல்லாருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு அத்தை" என்றேன்.