செவ்வாயின் லேசர்: உட்கவர் குணகம் ஒருவழியாக எதிர்க்குறிக்கு வந்தது

வந்தேவிட்டது! செவ்வாயின் பகல் பக்கத்துக்காக எழுதிவரும் பைத்தான் நிரலில், 10.33 மைக்ரான் ஆர்(8) நிறமாலைக் கோட்டின் உட்கவர் குணகம் (வாயு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று சொல்லும் எண்) 75 கி.மீ. உயரத்தை ஒட்டி எதிர்க்குறிக்குப் போய்விட்டது. அந்த அடுக்கிலுள்ள கார்பன் டைஆக்சைடு அந்த ஒளியை விழுங்காமல் பெருக்குகிறது. மைக்கேல் மம்மா குழு 1981-இல் அறிவித்த இயற்கை லேசர் இதுதான். ஆடிகள் இல்லாததால் ஒளி ஒரே முறைதான் கடந்து போகிறது. கோளின் விளிம்பை ஒட்டிய நீண்ட பாதையில்கூடப் பெருக்கம் சில சதவீதம்தான். ஆனாலும் அந்தக் கழித்தல் குறியைத் திரையில் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

இத்தனை நாள் இழுத்தடித்தது ஹிட்ரான் என்ற நிறமாலைக் கோட்டுத் தரவுத்தளம். அதில் கோட்டுச் செறிவுகள் எல்லாம் 296 கெல்வின் வெப்பச் சமநிலைக்கானவை. சூரியனின் 4.3 மைக்ரான் ஒளி மூலக்கூறுகளை மேல் ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றும் இடத்தில் அந்த எண்களுக்கு வேலையே இல்லை. ஐன்ஸ்டைன் ஏ குணகத்தை (மூலக்கூறு தானாக ஒளியை உமிழும் வீதம்) மட்டும் எடுத்துக்கொண்டு, மேல், கீழ் மட்டங்கள் இரண்டிலும் உள்ள மூலக்கூறு எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கீழ்மட்டம் ஹிட்ரான் குறியீட்டில் 10001-ஆ, 10002-ஆ என்பதிலும் கவனம் தேவை: முன்னது 10.4 மைக்ரான் பட்டை, பின்னது 9.4. மூலக்கூறின் சுழற்சியைக் குறிக்கும் எண்களிலும் மேலே ஒற்றைப்படை, கீழே இரட்டைப்படை மட்டும்தான் உண்டு.

உண்மையான பிடிவாதம் வெப்பநிலையிடம்தான். கீழ்மட்டம் 1388 அலை எண்ணில் (ஒரு செ.மீ.-க்கு எத்தனை அலை என்ற ஆற்றல் அளவு) இருக்கிறது. வாயு 150 கெல்வினிலிருந்து 200-க்குப் போனால் அங்கே மூலக்கூறுகளின் பங்கு ஏறக்குறைய 28 மடங்காகிறது. மேல்மட்டம் 2349-இல். 150 கெல்வினில் அதன் அதிர்வு வெப்பநிலை (அந்த மட்டம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வெப்பநிலையாகச் சொல்வது) சுமார் 254-ஐத் தாண்டினாலே போதும், பெருக்கம் தொடங்கிவிடும். 200 கெல்வினிலோ 338 வேண்டும். குளிர்ந்த அடுக்கு இல்லாவிட்டால் எவ்வளவு வெயில் அடித்தும் பயனில்லை. அதனால் வெப்பநிலையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். பிரெஞ்சுக் குழுவின் செவ்வாய்க் காலநிலைத் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உயரம், பருவம், உள்ளூர் நேரம் கொடுத்தால் வெப்பநிலையும் அழுத்தமும் வந்துவிடும். அருமையான சேவை.

கணக்கிடும் அதிர்வெண் புள்ளிகளின் கட்டத்தையும் நெருக்கமாக வையுங்கள். 150 கெல்வினில் டாப்ளர் அகலம் (மூலக்கூறுகளின் ஓட்டத்தால் கோடு விரியும் அளவு) 38 மெகாஹெர்ட்ஸ்தான். அகன்ற கட்டத்தில் கோடே காணாமல் போகும்.

4.3 மைக்ரான் ஒளி வளிமண்டலத்துக்குள்ளேயே சிக்கிச் சுற்றுவதை இப்போதைக்குத் தப்பும் நிகழ்தகவு என்ற எளிய முறையில் ஓட்டுகிறேன். முழுக் கதிர்வீச்சுக் கடத்தல் இன்னும் பாதிதான் எழுதியிருக்கிறது. அதை முடிப்பதற்குள் மனம் வெள்ளிக்குத் தாவிவிட்டது. அங்கே இதே உமிழ்வு சுமார் 110 கி.மீ. உயரத்தில் வருகிறது. கோடு இவ்வளவு மெல்லியது என்பதால் அதன் நகர்விலிருந்து காற்றின் வேகத்தையே அளக்கலாம்: நொடிக்கு 1 மீட்டர் காற்றுக்குச் சுமார் 97 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. அப்புறம் என்ன, வெள்ளிக்கான வெப்பநிலைக் கோப்பை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டேன்.